பானையடிப் புட்டி

பக்கத்து வீட்டுத் தனம் நாற்காலி கேட்டு வந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. அவள் மகன் சுதாகருக்குப் பெண் கொடுப்பதாக இருப்பவர்கள் விழுப்புரத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். நாற்காலிகளோடு நானும் போனேன். என் நாற்காலியைத் தனியாக அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

பெண்ணின் அப்பா பாண்டுரங்கன் எங்கள் திண்டிவனத்துக்குள் முதலில் தன் மூக்கைத்தான் அனுப்பியிருப்பார் போல. குடிக்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது அவர் சட்டம். அந்த மூக்கை வைத்தே மகள் சங்கவிக்கு வந்த மூன்று வரன்களைத் தட்டிக்கழித்திருக்கிறார். சங்கவியோ கட்டினால் சுதாகரைத்தான் கட்டுவேன் என்று ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவள் அம்மா அம்சா செருப்பைக் கழற்றும்போதே அதை என் காதில் போட்டுவிட்டாள்.

காபி வந்தது. பாண்டுரங்கன் வேண்டாமென்றார். தண்ணீர் வந்தது. அதுவும் வேண்டாம். பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடுமே! மனிதர் உதட்டைக்கூட ஈரப்படுத்தவில்லை. ஆனால் சமையற்கட்டைப் பார்க்க எழுந்தார்.

மணல் பரப்பி அதன்மேல் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தார். ஈர மணலிலிருந்து ஒரு கறுப்புப் புட்டியின் கழுத்து எட்டிப் பார்த்தது.

என் கையிலிருந்த மிக்சர் தட்டு சாய்ந்தது.

சுதாகர் மறைக்கவில்லை. இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அவன் சமையல்காரன். அங்கே தங்கியிருந்த பெல்ஜியத்துக்காரர் 2007-ல் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தாராம். பீர்தான், ஆனால் ஊறுகாய் மாதிரி வைக்க வைக்கத்தான் ருசி ஏறுமாம். கல்யாணத்தன்று திற என்றாராம். நான்கு வருஷமாகப் பானைக்கு அடியில் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. வாயில் வைத்த அரக்குகூட உடையவில்லை.

"தொட்டதே இல்லீங்க மாமா."

"மாமா ஆவறதுக்கு இன்னும் நாளு கெடக்கு."

அரக்கை உருக்கித் திரும்ப வைக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் பாண்டுரங்கன். உள்ளே இருப்பது ஏதாவது லோக்கல் சரக்காகத்தான் இருக்கும் என்றார். திறக்கச் சொன்னார்.

மூடி சீறிக்கொண்டு கழன்றது. டம்ளரில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இறங்கியது. பாண்டுரங்கன் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மூன்று மாப்பிள்ளைகளை விரட்டிய மூக்குக்கு இது பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் நாக்கில் சாய்த்தார்.

புருவம் மேலே ஏறியது. துப்புவார் என்று காத்திருந்தோம். விழுங்கினார்.

"பேரீச்சம்பழம்," என்றார். இன்னொரு வாய். "வெல்லம் தீஞ்சாப்ல கீது. கடசில வேப்பம்பூ கசப்பு."

மூன்றாவது வாய்க்கு விளக்கமே இல்லை. தனம் கதவைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தெருவில் நான் எட்டிப் பார்க்காத ஜன்னல் இல்லை. இப்படி ஒரு காட்சி எந்த ஜன்னலிலும் கிடைத்ததில்லை.

அம்சா முன்னால் வந்து சொன்னாள்:

"ஏங்க, கை நனைச்சிட்டீங்க."

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். சாட்சி தேவைப்படுமோ என்று நான் தலையை ஆட்டிவைத்தேன்.

"சோதிச்சிப் பாத்தேன்டி."

"ஒரு வாய் சோதனை, சரி. மூணு வாய்க்கு என்னா பேரு? அத ஊர்ல போயி நான் சொல்லட்டுமா, இல்ல ஒக்காந்து தேதி பாக்கறீங்களா?"

பாண்டுரங்கன் துண்டால் வாயை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"மிச்சத்த மூடி வெய்யி மாப்ள. கல்யாணத்தன்னிக்குப் பாத்துக்கலாம்."

'மாப்ள' என்றதும் சுதாகர் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தொறந்தா வெக்க முடியாதுங்க மாமா. வீணாப் பூடும்."

பாண்டுரங்கன் கூடத்துக்கு வந்து என் நாற்காலியில் சாய்ந்து, டம்ளரை நீட்டினார். அம்சா ஆறிப்போயிருந்த காபியை எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.