எழுத்து முடிந்த பெண்

பிள்ளை எப்படி, குணம் எப்படி என்று அந்த ஆள் கேட்கவேயில்லை. அதுவே உதயகலாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். சண்டிலிப்பாயில் ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றி அயலில் விசாரிக்க வருகிறவர்கள் குணத்தில் தொடங்கி, தாயின் வாய், தகப்பனின் குடி, கிணற்றுப் பங்கு என்று ஒரு சுற்றுப் போய்த்தான் விஷயத்துக்கு வருவார்கள். இவன் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு நேரே கேட்டான்.

"அக்கா, பக்கத்து வீட்டுக் கீர்த்திகா கலியாணம் முடிச்சிட்டாவோ?"

வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த உதயகலா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். பாவம், வடிவான பொடியன். எந்தத் தரகனோ படத்தைக் காட்டி ஆசை மூட்டி அனுப்பியிருக்கிறான்.

"தம்பி பிந்தி வந்திட்டீர். எழுத்து முடிஞ்சுது. மாப்பிள்ளை கனடா. நான்தான் சாட்சிக் கையெழுத்து வைச்சனான். வேறை இடம் பாரும் ராசா."

அவன் முகத்தில் ஏமாற்றமே இல்லை. நன்றி சொன்னான். பையிலிருந்து பேனையை எடுத்து எதையோ குறித்தான். பிறகு வந்த வழியே போகாமல், நாலடி தள்ளியிருந்த கீர்த்திகா வீட்டுப் படலையைத் தட்டினான்.

தோற்றுப்போன மாப்பிள்ளை எவனும் அப்படிச் செய்யமாட்டான். உதயகலா மண்வெட்டியைப் போட்டாள். தண்ணீர் பாத்தியை மேவி ஓடியது. அவள் வேலிப் பொட்டுக்கு ஓடி, அந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

படலையைத் திறந்தது கீர்த்திகா. இருபத்து மூன்று வயது. தொண்டையின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. பேசும்போது கூடவே ஏறி இறங்கும். ஊசி குத்திப் பரிசோதித்த டொக்டர், "பயப்பிடாதேங்கோ, ஆனா வைச்சுக்கொண்டிருக்கிற கட்டி இல்லை" என்று சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருகிற வெள்ளிக்கிழமையே வெட்டி எடுத்துவிடலாம். தாய் சுவர்ணா வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையின் மருத்துவக் காப்புறுதி அதற்குச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஊழியர்களின் பிள்ளைகளை இருபத்தைந்து வயதுவரை அந்தக் காப்புறுதி தாங்கும். பிள்ளைக்கு வேலை இருக்கக்கூடாது. கலியாணம் முடிந்திருக்கக்கூடாது.

"நான் ஜெயசுதன். இன்சூரன்சிலையிருந்து வாறன். அம்மா நிக்கிறாவோ?"

சுவர்ணா வீட்டில்தான் நின்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்ரீ வந்தது. ஜெயசுதன் தேநீரைத் தொடாமல் கேட்டான்.

"அம்மா, மகள் கலியாணம் முடிக்கேல்லை எண்டு குடுத்திருக்கிறியள்."

"ஓம். உள்ளதைத்தானே குடுத்தனான்."

"எழுத்து முடிஞ்சுது எண்டு கேள்விப்பட்டன்."

"எழுத்துத்தானே முடிஞ்சுது?" சுவர்ணா அவனை ஒரு விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தாலி கட்டேல்லையே!"

ஜெயசுதன் இந்தத் தொழிலில் பொய்யர்களைப் பார்த்துப் பழகியவன். பொய் சொல்கிறவர்கள் கூடுதலாகப் பேசுவார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், சாமியை இழுப்பார்கள். இந்த மனுசியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அதுதான் அவனுக்கு வினோதமாக இருந்தது. சுவர்ணாவின் கணக்கில் எழுத்து என்கிற பதிவுக் கலியாணம் விசா வேலை. பதிவாளர் வந்தார், மாப்பிள்ளை பிரகலாதனும் கீர்த்திகாவும் கையெழுத்து வைத்தார்கள், எல்லாரும் றோல்ஸ் சாப்பிட்டார்கள், பதிவாளர் போனார். மாப்பிள்ளை தொண்டைமானாற்றில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போனான். பெண் தன் அறைக்குப் போனாள். தாலி அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, விசா வந்த பிறகு, நல்லூர்ப் பக்கம் மண்டபம் எடுத்து. அதுவரை பெண் கலியாணமாகாத குமர்தான். பிரகலாதன் கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல்நாள், கீர்த்திகாவை யாழ்ப்பாணத்துக்கு ஐஸ்கிறீம் குடிக்கக் கூட்டிப்போகவா என்று கேட்டபோது, சுவர்ணா கையெடுத்துக் கும்பிட்டாள். "தாலி ஏறட்டும் தம்பி. ஊர் கதைக்கும்." அவன் ஐஸ்கிறீமை வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான். வந்து சேரும்போது அது பாலாகியிருந்தது.

"எனக்கு விளங்குது அம்மா" என்றான் ஜெயசுதன். "நான் கொழும்புத்துறை. என்ரை அக்காவும் எழுத்து முடிஞ்சு மூண்டு வருஷம் எங்கடை அம்மாவோடைதான் இருந்தவ. கம்பனிக்குத்தான் விளங்காது. சட்டப்படி உங்கடை மகள் முடிச்சவ."

வேலிப் பொட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"தம்பி! நான் ஆள் மாறிச் சொல்லிப்போட்டன்! எழுத்து முடிஞ்சது மேலைத்தெருப் பெட்டைக்கு!"

"சாட்சிக் கையெழுத்து வைச்சது நீங்கள் எண்டியளே அக்கா?"

வேலி கொஞ்சம் யோசித்தது.

"அவளுக்கும் நான்தான் வைச்சனான்."

ஜெயசுதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கீர்த்திகாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கதவுநிலையில் சாய்ந்து, ஏதோ கடினமான கணக்கைப் பார்ப்பதுபோல அவனுடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒளிக்காமல் சொல்லுறன். நான் கண்ணாலை கண்டது தாலியில்லாத கழுத்து. அதை எழுதினால் வெள்ளிக்கிழமை ஒப்பிரேஷன் நடக்கும். பிறகு ஆரும் கிண்டினால் அம்மான்ரை வேலையும் போகும், என்ரை வேலையும் போகும். முடிச்சவ எண்டு எழுதினால் இண்டையோடை உங்கடை பேர் வெட்டுப்படும். உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அதைத்தான் எழுதுவன்."

"அவளிட்டை என்ன கேள்வி?" என்றாள் சுவர்ணா. "நான் தாய் சொல்லுறன்!"

கீர்த்திகாவுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. இதை அவளிடம் யாருமே கேட்டதில்லை. பதிவாளர்கூட, சம்மதமா என்று அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அம்மாவைத்தான் பார்த்தார். பிரகலாதன் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவான். அம்மா எதிரே இருந்து, போனை இன்னும் உயர்த்திப் பிடி, இன்னும் உயர்த்து என்று கையால் காட்டுவாள். தொண்டை தெரியக்கூடாது. கட்டி என்று கேள்விப்பட்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்களாம். வானிலை, சாப்பாடு, விசா. பிறகு 'சரி, வைக்கிறன்'. அவன் நல்லவனா? தெரியாது. கோபக்காரனா? தெரியாது. நாடியிலிருந்து நெற்றி வரைக்கும்தான் அவனுக்கு அவளைத் தெரியும். அவனைப் பற்றி அவளுக்கு அவ்வளவுகூடத் தெரியாது. கட்டியை நினைத்துப் பல தடவை பயந்திருக்கிறாள். இப்போது நெஞ்சுக்குள் குறுகுறுத்தது பயம் இல்லை. புது வீட்டில் எந்தச் சுவிச்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று அறியத் தவிக்கும் விரலின் குறுகுறுப்பு.

"அம்மா, ஒண்டு கேக்கவோ? ஐஸ்கிறீம் குடிக்கப் போக நான் குமர். விசாவுக்கு நான் அவர் முடிச்ச மனுசி. இந்தக் கட்டிக்கு நான் ஆர்?"

"விசர்க் கதை கதையாதை. உள்ளை போ!"

"நீங்கள் அவருக்குச் சொல்லப் பயப்பிடுறியள். அவர் விட்டிட்டுப் போடுவார் எண்டு. அப்ப அந்தக் கையெழுத்தை நீங்களும் நம்பேல்லை."

சுவர்ணா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"எழுதுங்கோ அண்ணை" என்றாள் கீர்த்திகா. "முடிச்சவள்."

பேனை காகிதத்துக்கு மேலே நின்றது. "வெள்ளிக்கிழமை இல்லாமல் போகும். தெரியுந்தானே?"

"தெரியும்."

"அப்ப ஒப்பிரேஷன்?"

"அதைத்தான் அவரிட்டைக் கேட்டுப் பாக்கப் போறன்."

அவன் எழுதினான். பைக்குள் வைத்தான். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் போகவில்லை. படலையடிவரை போய், ஹெல்மெட்டின் பட்டியைக் கட்டுவதும் கழற்றுவதுமாக நின்றான். வேலிக்கு அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது.

கீர்த்திகா போனை எடுத்தாள்.

"அங்கை இன்னும் விடியேல்லையடி" என்றாள் சுவர்ணா. குரலில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி எடுக்கேக்கை பக்குவமாச் சொல்லுவம். நித்திரையிலை எழுப்பி ஆரும் இப்பிடிச் சொல்லுவினமே?"

"மனுசிமார் எழுப்புவினம் எண்டுதான் நினைக்கிறன்."

மணி போய்க்கொண்டேயிருந்தது. நின்றது. அவள் திரும்பவும் அழுத்தினாள்.

திரை முழுவதும் கறுப்பு. போர்வை உரசும் சத்தம். "ஆர்... கீர்த்தி?" என்று ஒரு கரகரத்த குரல், ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை இது. மேசை விளக்கு எரிந்தது. தாழ்ந்த கூரையுள்ள ஒரு நிலவறை. பின்னால் தரையில் மெத்தை போட்டு இரண்டு பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். பிரகலாதன் உதட்டில் விரல் வைத்துவிட்டு, போனோடு ஒரு மூலைக்குப் போய்க் குந்தினான். பழைய பனியன். தலைமயிர் ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நின்றது.

"என்ன? அம்மாவுக்கு ஏதும் ஆச்சோ?"

"அம்மா சுகம். நான் உங்களுக்கு ஒண்டு காட்டோணும்."

அவள் போனை மெல்லக் கீழே இறக்கினாள். நாடியைத் தாண்டி, தொண்டைக்கு நேரே. அங்கே அவனுக்கு என்ன தெரிகிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால் நாடி மறைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி நின்றாள். கட்டி ஒரு தடவை ஏறி இறங்கியது.

"பொறுங்கோ" என்றான் அவன்.

எதையோ தடவும் சத்தம். ஒரு பெட்டி திறந்து மூடியது. கீர்த்திகாவால் பொறுக்க முடியவில்லை; போனைச் சரித்துப் பார்த்தாள். அவன் ஒரு தடித்த கண்ணாடியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடி போடுகிறவன் என்று யாருமே அவளுக்குச் சொன்னதில்லை. அதற்குள்ளே அவன் கண்கள் இரண்டும் பெரிதாக, நித்திரை கலைந்து, திரையை நோக்கி அருகே, இன்னும் அருகே வந்துகொண்டிருந்தன.