டிங்கெல் ரோட்டு மைல்

எங்கள் பள்ளி ஜிம் சுவரில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. ஓட்டம், தாண்டல், எறிதல் என்று ஒவ்வொன்றிலும் பள்ளிச் சாதனை யாருடையதோ, அவர் பெயர் பித்தளைத் தகட்டில் மின்னும். ‘மைல்’ என்ற வரிக்கு நேரே இருபத்தொன்பது வருடமாக ஒரே தகடுதான். டெரில் ஓஸ்ட்மயர், 4:34.2. அந்த மனுஷன் என் அப்பா.

சாதனை முறிந்தால் சும்மா பெயரை மாற்றிவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பழைய ஆள், எங்கே இருந்தாலும் வந்து, அவரே ஏணி கொண்டு வந்து, அவரே ஏறி, தன் தகட்டைத் தன் கையாலேயே கழற்றிப் புது ஆளிடம் கொடுக்க வேண்டும். முடிந்தால் அன்றைக்கே. கீழே ஊரே நின்று கேலி செய்யும். குண்டு எறிதல் சாதனையை வைத்திருந்த திருமதி ஃபானன்ஸ்டீல் டென்வரிலிருந்து வந்து, முட்டி வலியோடு ஏறி, “நல்லாப் பிடிங்கடா, நான் விழுந்தா நாலு பேர் காலி”ன்னு கத்தினது இன்னும் பேச்சாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஏணியில் ஏற வேண்டும். நான் கீழே நின்று பார்க்க வேண்டும்.

ஏன் இத்தனை வெறி என்று கேட்டால், எங்கள் வீட்டில் நாலு நாள் இருந்து பாருங்கள். காலையில் நான் ஓடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வருவேன். அப்பா முட்டையைப் புரட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

“என்ன வெஸ்லி, ஏணியை எடுக்கவா?”

“சும்மா இருப்பா.”

“இல்லடா, கொட்டகையில கிடக்கு. சிலந்தி கூடு கட்டி, குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்துருச்சு. அதுங்களை எழுப்ப வேணாம்னு சொல்றியா?”

இது ஒன்பதாம் வகுப்பிலிருந்து. நாலு வருடம், வாரத்துக்கு நாலு தடவை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் முட்டையைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவேன். என்னால் நாலு நிமிஷம் நாற்பது விநாடிக்குக் கீழே போகவே முடியவில்லையே.

வசந்தகாலப் பந்தயங்களை நான் நம்புவதில்லை. கான்சாஸில் ஏப்ரல் மாதக் காற்றில் ஓடுகிற நேரத்தை யாரும் நம்புவதில்லை. ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். நான் நம்பியது லோரன்ஸ் டிங்கெல் நிலத்தை ஒட்டிய மண் ரோட்டை மட்டும்தான். எங்கள் பக்கம் ரோடுகள் எல்லாம் கட்டம் கட்டமாக ஓடும், ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் ஒரு மைல். “மூணு மைல் போய் இடது பக்கம் திரும்பு” என்றால் மூன்று மூலை தாண்டு என்று அர்த்தம். அதிகாலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், டிங்கெல் மூலையிலிருந்து சர்ச் மூலை வரை ஓடுவேன். அப்பாவும் அந்தக் காலத்தில் அங்கேதான் ஓடிப் பழகினார். என் ஆகச் சிறந்த நேரம் 4:44. மேடு பள்ளத்துக்கும் மண்ணுக்கும் நாலு விநாடி கழித்தால், நான் ஒரு நாலு நாற்பது ஆள். அவ்வளவுதான் என் யோக்கியதை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

வட்டாரப் போட்டியில் நாலாவதாக வந்து, மயிரிழையில் மாநிலப் போட்டிக்குத் தேறினேன். அங்கே பதினாறு பேர் பட்டியலில் நான் பதினாறாவது. போன வருடமும் போயிருந்தேன், பன்னிரண்டாவதாக வந்து, பஸ்ஸில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்குவது போல் நடித்தேன். இந்தத் தடவை பன்னிரண்டாம் வகுப்பு. இதற்கு மேல் எனக்கு ஓட்டமே இல்லை.

மே மாதக் கடைசி சனிக்கிழமை. விச்சிட்டா மைதானத்தில் அன்றைக்குக் காற்றே இல்லை. கொடிகள் எல்லாம் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தொங்கின. எங்கள் கோச் நாடீன், சமையல் பாடமும் நடத்துகிறவர், பஸ்ஸும் ஓட்டுகிறவர், என் தோளைப் பிடித்துச் சொன்னார்.

“சுத்துக்கு எழுபது. முதல்ல கிறுக்குத்தனமா ஓடாத. நாலு எழுபது, நாலு நாப்பது. கணக்கு அவ்வளவுதான்.”

“கடைசியா வருவேன் கோச்.”

“கடைசியா வந்தாலும் மரியாதையா வா.”

ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் எங்களைக் கம்பி வேலி போட்ட இடத்தில் அடைத்துவிட்டார்கள். ஃபோன் கிடையாது, கோச் கிடையாது, அப்பா கிடையாது. இடுப்பில் ஒட்டுகிற எண் சீட்டைத் தந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயரமான பையன், பெயர் ப்ரைஸ் என்று அவன் சட்டையிலேயே எழுதியிருந்தது, என் எண்ணை எட்டிப் பார்த்தான்.

“பதினாறா? பரவாயில்ல, பின்னாடி நிழலா இருக்கும்.”

“முன்னாடி நீ போறப்ப பார்த்துப் போ. உன் வாய் முதல்ல கோட்டைத் தொட்டா அதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க.”

சிரித்தான். நல்ல பையன்தான். எனக்குத்தான் அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது.

துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேரும் வளைவில் முட்டி மோதிக்கொண்டு உள்பக்கம் இறங்கினார்கள். நான் கோச் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாகப் பின்னாலேயே இருந்தேன். முன்னால் பதினைந்து முதுகுகள். கால் லேசாகத்தான் இருந்தது, அதை நான் பொருட்படுத்தவில்லை. முதல் சுற்றில் லேசாக இல்லாமல் எப்போது இருக்கும்?

கடைசி வளைவில், வேலிக்கு வெளியே, அப்பா நின்றார். நின்றார் என்று சொல்ல முடியாது. வேலியில் வயிறு பட மடிந்து, பாதி உடம்பு இந்தப் பக்கம் தொங்கியது. ஒரு கையில் ஃபோன்.

“டேய்! டிங்கெல் ரோடு நீளம்டா!”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாநிலப் போட்டி, என் வாழ்க்கையின் கடைசி மைல், அப்பன் ரோட்டைப் பற்றிப் பேசுகிறார். அவர் வேலை வேறு மாவட்ட ரோடுகளைச் சமன் செய்கிற இயந்திரம் ஓட்டுவது. சரி, மனுஷனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று விட்டுவிட்டேன். கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் ஒரு நிமிஷம் பத்து. சொல்லி வைத்த மாதிரி எழுபது.

இரண்டாம் சுற்றிலும் அதே பதினைந்து முதுகுகள். ஒருத்தனும் வேகம் எடுக்கவில்லை, ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். நான் மனசுக்குள் அப்பாவைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அதே வளைவு வந்தது. இப்போது கோச் நாடீன் அப்பாவின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

“நூத்தித் தொண்ணூறு அடி! லோரன்ஸ் டிராக்டர் அளந்துருச்சு! நூத்தித் தொண்ணூறு அடி ஜாஸ்திடா, மடையா! பத்து செகண்டு!”

கோட்டைத் தாண்டினேன். இரண்டு நிமிஷம் இருபது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

லோரன்ஸ் டிங்கெல் இந்த வருடம்தான் செயற்கைக்கோள் வழி காட்டுகிற புது டிராக்டர் வாங்கினார். சோளம் விதைக்கிற நேரம். ரோட்டோடு ஓடுகிற வரிசையை அந்த டிராக்டர் அளந்திருக்கிறது. அது ஒரு மைல் இல்லை. ஒரு மைலும் நூற்றுத் தொண்ணூறு அடியும். என்றோ நிலத்தை அளந்து கட்டம் போட்டவர்கள் மிச்ச நிலத்தையெல்லாம் அந்தப் பக்கமே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். நூற்றுத் தொண்ணூறு அடி ஓட எனக்குப் பத்து விநாடி ஆகும். அப்படியென்றால் என் 4:44 ஒரு 4:44 இல்லை.

நான் நாலு நாற்பது ஆள் இல்லை. ஐயையோ, நான் நாலு முப்பது ஆள்.

ஓடும்போது கணக்குப் போடுவது கஷ்டம். ஆனால் இந்தக் கணக்கை நாலு வருடமாகப் போட்டுக்கொண்டே இருந்தவன் நான். மீதி இரண்டு சுற்று, சுற்றுக்கு அறுபத்தேழு. அதற்கு மேல் ஒரு விநாடி போனாலும் தகடு அங்கேயே இருக்கும். வெளிப்பக்கமாக ஒதுங்கினேன், காலை நீட்டிப் போட்டேன். ஒரு முதுகு பின்னால் போனது. இரண்டு. நேர்ப்பாதை முடிவதற்குள் ஐந்து. எல்லாரும் இந்தப் பைத்தியம் எங்கே போகிறது என்பது போலத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

மூன்றாம் தடவை வளைவில் அப்பா ஒன்றுமே கத்தவில்லை. வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. கடிகாரத்தில் மூன்று நிமிஷம் இருபத்தேழரை விநாடி. கடைசிச் சுற்றைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. தொடையில் யாரோ சிமெண்ட் ஊற்றினார்கள். எச்சில் கன்னத்தில் வழிந்தது. ப்ரைஸ் எங்கோ முன்னால் ஜெயித்துவிட்டான், கூட்டம் கத்தியது. நான் என் எதிரே தெரிந்த ஒரு பச்சைச் சட்டையைப் பிடித்தேன், தாண்டினேன், அடுத்து ஒரு நீலம் வந்தது, அதைத் தாண்ட முடியவில்லை, அவன் தோளோடு தோளாகக் கோட்டின் மேல் விழுந்தேன். விழுந்தேன் என்றால் நிஜமாகவே விழுந்தேன். முட்டி இரண்டும் தோல் போனது.

ப்ரைஸ்தான் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

“டேய் பதினாறு, எங்கிருந்துடா வந்தே?”

“ரோடு... நீளம்,” என்றேன். அவன் என்னை மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போகலாமா என்று யோசித்தான்.

நேரங்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறின. முதல் ஐந்து பெயர்களும் என் கண்ணில் படவே இல்லை. ஆறாவது வரி. ஓஸ்ட்மயர், 4:33.5.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை. ஆறாவது இடத்துக்கான பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நொண்டி நொண்டிப் போனேன். அப்பாவை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று வாக்கியங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நாலு வருடப் பாக்கி.

அப்பா பிக்கப் வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“அந்த ரோட்டை இருபது வருஷமா வாரா வாரம் சீவுறேன்டா. ஒரு நாள் கூட அளந்து பார்க்கணும்னு தோணலை. லோரன்ஸ் ஃபோன் பண்ணி, ‘விதை பத்தலை டெரில், நட்டுக்கிட்டே போறேன், முடியவே மாட்டேங்குது’ன்னு புலம்புறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்குள்ள நீ வேலிக்குள்ள போய்ட்ட.”

“அதைக் கத்தாம இருந்திருந்தா உன் பேரு அப்படியே இருந்திருக்கும்ல?”

“ஆமால்ல!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் வாயைத் திறந்தேன், முதல் வாக்கியத்தை எடுத்துவிட. அப்போதுதான் வண்டிக்குள் பார்த்தேன்.

ஏணி. கொட்டகை ஏணி. குறுக்காகப் படுக்க வைத்து, நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி கட்டி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. ஒரு சிலந்திக்கூடு கூட இல்லை. துடைத்துப் பளபளவென்று இருந்தது. மிதிபடியில் ஒரு திருப்புளி செருகியிருந்தது.

“இதை எப்பக் கொண்டு வந்தே?”

“காலையிலதான். கிளம்புறப்ப.”

காலையில் லோரன்ஸ் ஃபோன் பண்ணவில்லை. காலையில் நான் நாலு நாற்பது ஆள், பதினாறில் பதினாறு.

பஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்த கோச் நாடீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன அதிசயமாப் பார்க்குற? போன வருஷமும் கொண்டு வந்தாரே. பஸ்ஸுக்குப் பின்னாடியே மூணு மணி நேரம் இவர் வண்டி ஏணியோட வந்துச்சு. கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்டுனேன். நீதான் தொப்பியைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டு இருந்த.”

அப்பா தலையைக் குனிந்து ஷூவால் சரளைக் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பின்பக்கம் கயிறு ஒன்று தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை.

“இறுக்கிக் கட்டுடா,” என்றார் அப்பா. “வழியில விழுந்துச்சுன்னா அடுத்த வருஷமும் என் பேருதான்.”