இரண்டு லிட்டர்

1988 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நாற்பது கட்டில்களுக்கு ஒரு நர்ஸ் இருந்தார்.

வெள்ளைத்தாய்க்குச் சினைப்பையில் புற்று. வயிறு முழுக்க நீர் கோத்திருந்தது. பன்னிரண்டரைக்கு டாக்டர் ஊசியை இறக்கி, ரப்பர் குழாயை மாட்டி, அடியில் வாளியை வைத்தார்.

"மெதுவாத்தான் வடியணும். ரெண்டு லிட்டரோட மூடிருங்க. மொத்தமா எடுத்தா பிரஷர் விழுந்துரும்."

டாக்டர் போனதும் நர்ஸ் பரிபூரணம் நீர் சொட்டாக விழும்படி குழாயை நெரிக்கும் கிளிப்பை மாட்டி, வாளியில் மைக்கோடு போட்டு வெள்ளைத்தாயின் புருஷன் காளிராஜிடம் காட்டினார். "அண்ணாச்சி, இந்தக் கோட்டுக்கு வந்ததும் கூப்பிடுங்க. கிளிப்புல கை வைக்காதீய."

மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"பஸ்ஸுல இடங்குடுத்தவ, ரெட்டைப் பிள்ளையான்னு கேட்டா," என்றாள் வெள்ளைத்தாய். "ஆமான்னுட்டேன்."

"நல்லாச் சொன்ன, போ."

காளிராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பதிலி ஆள்; யாராவது வராவிட்டால்தான் வேலை. மூன்று மணி ஷிப்டுக்கு கேட்டில் போய் நிற்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் நிற்காதவனின் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். இரண்டு நாள் போய்விட்டது. ஒன்றரைக்கு நீர் கோட்டுக்குப் பாதிகூட வரவில்லை.

"நீங்க கெளம்புங்க," என்றாள்.

"செத்த நேரம் இரு. முடிச்சிட்டுப் போறேன்."

மில்லில் தண்ணீர்த் தொட்டியை வடிக்க வால்வை முழுசாகத் திறப்பான். பரிபூரணம் கோடிக் கட்டிலில் வலிப்பு வந்தவளைப் பிடித்துக்கொண்டிருந்தார். காளிராஜ் கிளிப்பைக் கழற்றினான். நீர் கம்பியாக இறங்கியது.

"அப்பாடி, இப்பத்தான் மூச்சு விடுதேன்," என்று அவள் கண்ணை மூடினாள்.

நீர் கோட்டைத் தாண்டியது. அவள் முகம் தெளிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அடுத்த வாரம் வர வேண்டியதில்லை என்று விட்டுவைத்தான். வாளி நிரம்பப் போனபோது அவள் நெற்றியைத் தொட்டான். சில்லென்று வேர்த்திருந்தது. கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் சத்தம் போட்டான்.

பரிபூரணம் ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிச் செங்கல் வைத்தார். கையில் குளுக்கோஸ் ஏற்றினார். வாளியைப் பார்த்தார்.

"யாரு தெறந்தது?"

"தெரியலை சிஸ்டர். தானாக் கழண்டிருக்கும். பாத்ததும் நான் மாட்டினேன்."

அவர் அவனையே பார்த்தார். டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார். வெள்ளைத்தாய் இரண்டே முக்காலுக்கு இறந்தாள்.

சாவு வீடு என்று மில்லில் அட்டையைக் கிழிக்கவில்லை.

ஜூலையில் இறப்புச் சர்ட்டிபிகேட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டில் வேறு நர்ஸ் இருந்தார். ஆபீஸில் கிளார்க்கிடம் கேட்டான்.

"பரிபூரணம் சிஸ்டர் எங்க?"

"சஸ்பெண்டு," என்றார் கிளார்க். "கிளிப்பை ஒழுங்கா மாட்டலையாம். நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க."

சர்ட்டிபிகேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தான். மூன்று மணிக்கு கேட்டில் நின்றான்.