அஞ்செட்டிக் கிளையின் கைகள்

1967ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அஞ்செட்டியில் முப்பத்தேழு பேர் தூக்கிய வலது கை அதற்கப்புறம் இறங்கவில்லை. அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். எல்லோருக்கும் வயது பதினெட்டிலிருந்து இருபதுக்குள். அந்த வருஷம் ராகி நன்றாக விளைந்தது, மழை போதுமான அளவு பெய்தது, வேறு குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

கைகளை எண்ணியவள் அற்புதமேரி. சென்னை மாநில முற்போக்கு இளைஞர் மன்றத்தின் ஓசூர் வட்ட அமைப்பாளர், இருபத்தொன்பது வயது, மத்திகிரிக்காரி. மன்றம் கட்சியல்ல, தேர்தலில் நிற்பதில்லை, யாருக்கும் ஓட்டுக் கேட்பதில்லை. ஊர் ஊராகப் போய் இளைஞர்களை உட்காரவைத்து, சாதி, கூலி, நிலம், பெண்கள் படிப்பு என்று பேசவைத்து, பேசியதைத் தீர்மானமாக எழுதிச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அங்கிருந்து அது எங்கே போகிறது என்று அவள் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஐந்து வருஷமாகப் பதில் வந்துகொண்டிருந்தது. ஓசூரில் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றின் மாடியில் ஓர் அறை, அதில் ஒரு மேசை, ஒரு தகரப் பெட்டி, ஒரு ரப்பர் முத்திரை, இவ்வளவுதான் அவளுடைய அலுவலகம். ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் காடெல்லாம் கட்டடமாகிவிடும் என்று அப்போதே பேச்சு இருந்தது. வந்தால் ஏதாவது ஒரு கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போய்விடலாம் என்று அற்புதமேரி யாரிடமும் சொல்லாமல் நினைத்து வைத்திருந்தாள். படுத்தால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்துவிடும்.

கை தூக்குவதில் மன்றத்துக்கு ஒரு முறை உண்டு. முந்தின வருஷம் ராயக்கோட்டைக் கூட்டத்தில் பிள்ளைகள் கையைத் தூக்குவதும், இறக்குவதும், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து மறுபடி தூக்குவதுமாக இருந்ததில், அவள் மூன்று தடவை எண்ணியும் மூன்று விதமாக வந்தது. தீர்மானம் சென்னையிலிருந்து அப்படியே திரும்பிவிட்டது. அன்றைக்கு வந்த எரிச்சலில் அவளே ஒரு விதி போட்டாள். தலைமை வகிப்பவர் எண்ணி, எழுதி, 'கைகளை இறக்கலாம்' என்று சொல்லும்வரை தூக்கிய கை தூக்கியபடியே இருக்க வேண்டும். தலைமை வகிப்பவர் எண்ணுவதோடு சரி, தான் கை தூக்கக் கூடாது. சென்னையில் இருந்தவர்களுக்கு இது பிடித்துப்போய், மன்றத்தின் சிறு புத்தகத்தில் பதினோராவது விதியாக அச்சடித்தார்கள். அத்தனை வருஷ அலைச்சலில் அவளுடையது என்று அச்சில் ஏறியது அது ஒன்றுதான்.

அஞ்செட்டிக் கூட்டம் சந்தை மைதானத்தில் நடந்தது. பேச்சு சூடாகத்தான் இருந்தது. அந்த வருஷத் தேர்தலில் சுவருக்குச் சுவர் போஸ்டர் ஒட்டியது அந்த இளைஞர்கள், கொடி கட்டியது அவர்கள், நடக்க முடியாத கிழவர்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஓட்டுச்சாவடியில் இறக்கிவிட்டதும் அவர்கள். ஓட்டு மட்டும் அவர்களுக்கு இல்லை, இருபத்தொரு வயது ஆக வேண்டும். மாடு வளர்க்கும் தீர்த்தகிரியின் மகள் சம்பங்கி, அப்போதுதான் பதினெட்டு முடிந்தவள், எழுந்து, "தையில எனக்குக் கல்யாணம். குடும்பம் பண்ண வயசு பத்துது, ஓட்டுப் போட மட்டும் பத்தலையா மேரிக்கா?" என்று கேட்டாள். அற்புதமேரி அதையே தீர்மானமாக எழுதினாள். ஓட்டுரிமை வயதைப் பதினெட்டாகக் குறைக்க வேண்டும். தமிழில் படித்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்கினாள். கைகள் உயர்ந்தன. இரண்டு தடவை எண்ணி முப்பத்தேழு என்று எழுதும்போது தேன்கனிக்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் மறுநாள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டாள். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் கைகளை இறக்கச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வலித்தால் அவர்களே இறக்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினாள். பாவம், அந்த நினைப்புக்காக அவள் பின்னால் எவ்வளவோ அழுதாள்.

அடுத்த வியாழக்கிழமை பஸ் அஞ்செட்டிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. வழியில் யார் கை தூக்கியிருந்தாலும் கண்டக்டர் வெங்கடப்பன் விசில் அடித்து நிறுத்தினான், யாரும் ஏறவில்லை. மாடு மேய்ப்பவர்கள், களை எடுப்பவர்கள், சும்மா நடந்து போகிறவர்கள். அற்புதமேரி இறங்கியதும் இறங்காததுமாக, எல்லோரையும் மைதானத்தில் கூட்டிக் கைகளை இறக்கலாம் என்று மூன்று மொழியிலும் சொன்னாள். அவர்கள் முயற்சி செய்து பார்த்தார்கள். கை வலிக்கவில்லை, மரத்துப் போகவில்லை, விரல்கூட மடங்கியது. இறங்க மட்டும் மாட்டேன் என்றது. தேன்கனிக்கோட்டையில் டாக்டர் தட்டிப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்றார். மத்திகிரிப் பங்குச் சாமியார் ஜெபம் செய்தார். கன்னட தேசத்திலிருந்து வந்த வைத்தியர் பச்சிலை அரைத்துப் பூசினார். பூசியது காய்ந்து உதிர்ந்தது.

மூன்று மாதத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. அடிக்கத்தான் கை ஓங்குகிறார்கள் என்று ஒரு வாரம் மிரண்ட மாடுகள் பிறகு சட்டை செய்யவில்லை. தையல்காரர் வலது கைக்கு வேறு வெட்டு வெட்டப் பழகினார். இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளித்த பெரியவர்கள் சுளித்துச் சளைத்துப் போனார்கள். மழை பெய்தால் தண்ணீர் சட்டைக்கை வழியாக விலாவுக்கு இறங்கும், அது ஒன்றுதான் தொந்தரவு. தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்களுக்கு அந்தக் கை வசதியாகவே இருந்தது. வெங்கடப்பன், தூக்கிய கைக்கு இனி நிறுத்துவதில்லை என்று சொல்லிவிட்டான். ஏற வேண்டியவர்கள் ஆண்களானால் துண்டையும், பெண்களானால் முந்தானையையும் இடது கையால் ஆட்ட வேண்டும். முப்பத்தேழு பேரில் மூத்தவனான ராயப்பனுக்கு அடுத்த வருஷம் இருபத்தொன்று முடிந்து பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியது. அன்றைக்கு அவன் வீட்டு வாசலில் கூட்டம் கூடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கை இறங்கவில்லை. தீர்மானம் அவனுக்கு மட்டும் ஓட்டு வேண்டும் என்று சொல்லவில்லையே.

பழகாதவள் அற்புதமேரி ஒருத்திதான். தன்னால்தான் எல்லாம் என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அதிலும் சம்பங்கியின் கை. மாப்பிள்ளை கெலமங்கலம் பக்கத்துக் கோவிந்தப்பன், நல்ல பையன், சம்பங்கிக்கும் பிடித்தவன். தையில் நடக்க இருந்த கல்யாணம் சித்திரைக்குப் போயிற்று, சித்திரையிலிருந்து ஆவணிக்கு. கடைசியில் பையனின் அம்மா வந்து, மனசு நோகாமல், அடுத்த மாசிக்குள் கை இறங்கினால் சந்தோஷம், இல்லாவிட்டால் எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்று வெற்றிலையை வைத்துவிட்டுப் போனாள். சம்பங்கியின் அம்மா வெங்கடம்மாள் அதைக் கேட்டு அழவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய அற்புதமேரியை வழிமறித்து, "எம்பொண்ணு கைய நீ எண்ணிக்கினு போயிட்ட. எண்ணினவதான எறக்கணும்? உனக்குன்னு ஒரு பொண்ணு இருந்திருந்தா பஸ்ஸுக்கு அப்படி ஓடியிருப்பியா?" என்று கேட்டாள். அற்புதமேரி ஓசூருக்குத் திரும்பியதும் ராஜினாமாக் கடிதம் எழுதினாள், கிழித்துப் போட்டாள். அந்தக் கை மேலே இருக்கும்வரை அவள் எங்கே போய் எந்த நாற்காலியில் உட்காருவது?

சென்னையில் முதலில் இதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பொதுச்செயலாளர் பிரகாசம், அஞ்செட்டியை உதாரணக் கிளை என்று சுற்றறிக்கை அனுப்பினார். பிறகு அவருக்குப் பெரிய இடத்துப் பழக்கங்கள் ஏற்பட்டன, மாநாட்டுக்கு மந்திரிகள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள், ஓட்டு வயதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்று ஆயிற்று. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய அந்தத் தை மாதத்தில் அற்புதமேரிக்கு ஒரு கடிதம் வந்தது. தாளின் தலைப்பில் 'சென்னை மாநில' என்பதைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். அஞ்செட்டித் தீர்மானத்தை அதே உறுப்பினர்கள் கூடித் திரும்பப் பெற வேண்டும். வாபஸ் ஆகிவிட்டால் கைகளும் இறங்கிவிடும் என்று நம்ப இடமிருக்கிறது. ஓட்டெடுப்பில் சிரமம் இராது, கைகள் ஏற்கெனவே உயர்ந்துதானே இருக்கின்றன, எண்ணி எழுதிவிடவும். இப்படிக்கு, பிரகாசம். அற்புதமேரி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. அவளுக்கு வந்தது நிம்மதி. எப்படியாவது இறங்கினால் போதும் என்ற அளவுக்கு அவள் களைத்திருந்தாள்.

மைதானத்தில் மறுபடி முப்பத்தேழு பேரும் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் வெங்கடம்மாள் வந்து நின்றாள். கூட்டத்துக்கு முன்னால் அற்புதமேரி சம்பங்கியைத் தனியாகக் கூப்பிட்டு, வாபஸ் ஆனால் கை இறங்கக்கூடும், மாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். சம்பங்கி, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். வாபஸ் தீர்மானத்தைப் படித்து முடித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று அற்புதமேரி சொன்னபோது, எதிரே முப்பத்தேழு கைகள் தூக்கியபடிதான் இருந்தன. எண்ண வேண்டியதுதான், எழுத வேண்டியதுதான். அவள் பேனாவைத் திறந்தாள். அப்போது சம்பங்கி எழுந்தாள்.

"இந்தக் கைய எண்ணாதீங்கக்கா. இது பழைய தீர்மானத்துக்குத் தூக்கினது."

"அப்படின்னா இடது கைய தூக்குங்க. யாராவது."

யாரும் தூக்கவில்லை. முப்பத்தேழு இடது கைகளும் மடியில் கிடந்தன. வெங்கடம்மாள் மகளைப் பார்த்தாள். சம்பங்கியின் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் நின்றாள்.

"நீங்க சொல்ல மறந்துட்டதால இது நிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. அன்னைக்கு பஸ்ஸு போனதுமே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தம். எழுதிக்கினு போனது எங்க போயி சேந்துதுன்னு தெரியாம எப்படி எறக்கறதுன்னு எல்லாருக்குமே தோணிச்சு. அப்புறந்தான் கையி நின்னு போச்சு. உங்க மேல தப்பில்லக்கா."

அற்புதமேரி வாபஸ் தீர்மானத்தின் கீழே, ஆதரவு யாருமில்லை என்று எழுதினாள். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது, இறங்கியது வேறொரு பாரத்துக்கு இடம் விட்டுத்தான் என்றும் தோன்றியது.

"நீங்க எந்தப் பக்கம்க்கா?" என்றாள் சம்பங்கி.

"நான் எண்ணுறவ."

"எண்ணித்தான் முடிச்சிட்டீங்களே."

அந்தப் பங்குனியில் கோவிந்தப்பனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. சம்பங்கி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ராயப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டாள், அவனும் அன்று கை தூக்கியவன்தான், பந்தலை உயரமாகப் போட்டார்கள், மாலையை இருவரும் இடது கையால் மாற்றினார்கள். ஓட்டு வயது குறைய இருபது வருஷம் ஆயிற்று. சட்டம் மாறிய காலையில் அஞ்செட்டியில் அந்த முப்பத்தேழில் முப்பத்தொரு கைகள் இறங்கின. மற்ற ஆறு பேர் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அவர்களுக்குக் குழியை ஒரு முழம் கூடுதலாக வெட்ட வேண்டியிருந்தது. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு மைதானத்தில் அற்புதமேரி பேனாவை மூடி வைத்தாள். பெட்டியின் அடியிலிருந்து பழைய தீர்மானத்தின் நகலை எடுத்து அதை ஒரு முறை சத்தமாகப் படித்தாள். பிறகு தன்னுடைய விதியைத் தானே மீறி, வலது கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை. வெங்கடம்மாள் அதுவரை ஓரத்தில் நின்றவள், கிட்டே வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அற்புதமேரி இடது கையால் முப்பத்தேழை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

பஸ் ஹாரன் அடித்தது. இந்தத் தடவை அவள் ஓடவில்லை. சம்பங்கி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். பஸ் நிற்கிற இடத்தை அவர்கள் எட்டுவதற்குள் அது கிளம்பி எதிரே வந்தது. சாலையோரம் தூக்கிய இரண்டு கைகளைப் பார்த்தும் வெங்கடப்பன் விசில் அடிக்கவில்லை. அற்புதமேரி இடது கையால் முந்தானையை எடுத்து ஆட்டினாள். பஸ் நின்றது. வெங்கடப்பன் அவள் கையைப் பார்த்தான்.

"நீங்களுமா மேரியம்மா? தலைய குனிஞ்சு ஏறுங்க, மேல இடிக்கும்."

உட்கார இடம் இருந்தது. ஆனால் கை தூக்கிய அஞ்செட்டிக்காரர்கள் அந்த பஸ்ஸில் உட்காருவதில்லை, மேலே இருக்கும் கம்பி அவர்கள் கைக்குச் சரியாக இருந்தது. அற்புதமேரியும் கம்பியைப் பிடித்தாள். வெங்கடப்பன் தேன்கனிக்கோட்டைக்கு ஒரு டிக்கெட் கிழித்து அவள் இடது கையில் வைத்தான். இரண்டாவது வளைவு வருவதற்குள் அவள் நின்றபடியே தூங்கிவிட்டாள்.