ஆசாரியின் கடைசிச் சவரம்

வீரையா ஆசாரியின் தாடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பால்சாமி கையை நீட்டினார். திருப்பாலைக்குடிக்கே சவரம் செய்கிறவர் அவர். உயிரோடிருப்பவருக்கும் அவர்தான், போனவருக்கும் அவர்தான். ஆசாரியின் பெண்சாதி கருத்தம்மாள் கூரை எரவாணத்தில் செருகியிருந்த துணிச்சுருளை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"எம்மகன் அடிச்ச கத்தி. கடைசிச் சவரம் இதுலதான் பண்ணணும்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக."

மகன் சோணைமுத்து அந்தச் சுருளையே பார்த்தான். அட பாவி, வாயைத் திறந்து தொலையேன்! திறக்கவில்லை. முப்பது வயதுக்காரன், அத்தனை சனத்துக்கு நடுவில் அப்பன் பிணத்தருகே அப்படியே நின்றான்.

இத்தனை வருசத்தில் அய்யா அவனைச் சவரக்கத்திக்குக் கிட்டவே விட்டதில்லை. அரிவாள் அடி, மீன் நறுக்கும் கத்தி அடி, உனக்கு அது போதும் என்பார். போன வாரம்தான், கண்ணில் பூ விழுந்து படுத்த படுக்கையான பிறகு, அவராகவே கூப்பிட்டார்.

"ஏலே, யுத்தத்தப்ப வாங்கிப்போட்ட அரம் கெடக்குல்ல. அதுல ஒரு சவரக்கத்தி அடி. சுண்டிக் காட்டு, நான் காதால கேக்கணும்."

அடித்தான். நன்றாகத்தான் அடித்தான். பழுக்கக் காய்ந்ததை எண்ணெயில் முக்க வேண்டும். உள்ளே அய்யா இருமிய இருமலில் பதறி, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டான். சாணை பிடித்து முடித்தபோதுதான் கத்தியின் வாயோரம் மயிரிழை போல விரிசல் தெரிந்தது. சுண்டினால் கீறல் விழுந்த சட்டியின் சத்தம்.

நேற்றுக் காலை அய்யாவின் காதருகே அவன் சுண்டியது அய்யாவே அடித்த பழைய கத்தியை. கிண்ணென்றது.

"இதுதாம்லே நாதம்!" என்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். பொழுது சாயக் கண்ணை மூடிவிட்டார்.

பால்சாமி கத்தியை விரித்து, வழக்கம்போல நகத்தால் சுண்டினார். சோணைமுத்துவை ஏறிட்டுப் பார்த்தார்.

சோணைமுத்து போய் அவர் பக்கத்தில் குந்தினான். "அண்ணே, பொய்யச் சொல்லி அய்யாவ அனுப்பிட்டேன்," என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அவுக மொகத்துல இது பட வேணாம். ஒங்க கத்திய வைங்க. எனக்கு மொட்டை போடுவீகள்ல, அதுக்கு இத வைங்க."

"கிழிச்சுரும்ப்பா."

"கிழிக்கட்டும்."

பால்சாமி அதைத் துணியில் சுருட்டி வைத்தார். தன் பெட்டியிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தார். அதுவும் வீரையா அடித்ததுதான்; பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆசாரியின் கன்னம் மழுமழுவென்று வந்தது. பிறகு சோணைமுத்துவின் தலையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துணிச்சுருளைப் பிரித்தார். மூன்றாவது இழுப்பில் உச்சந்தலை சுரீரென்றது. அவன் அசையவில்லை. அய்யாவை நினைத்து அழுகை அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்தது.

கருத்தம்மாள் வாசலில் புதிதாக வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அவுக மொகத்தப் பாரு தாயி. ஒரு கீறல் இருக்கா? எம்மகன் அடிச்ச கத்தி!"

காதோரம் இறங்கிய ரத்தத்தைச் சோணைமுத்து துண்டால் ஒற்றிக்கொண்டான்.