மேற்குச் சுவர்

ஆம்புலன்ஸ் மேலகரம் தெருவுக்குள் பின்பக்கமாக ஏறி வரும்போது சுடலையாண்டி இன்னும் சுவருக்கு ஃபேன் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு ஃபேனை மூன்றில் வைத்து, கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி, புறங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தார். குற்றாலத்தில் சீசன். மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. இந்த ஈரத்தில் துவைத்த வேட்டியே நாலு நாள் காயாமல் நாறும், பெயிண்ட் எங்கே காயப்போகிறது?

வருவது அவருடைய அக்கா வடிவம்மாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

படம் வரைகிறவள். படம் என்றால் அதில் முகமோ மரமோ தேடக் கூடாது. எட்டடித் துணி முழுக்க ஒரே நிறம், ஓரத்தில் இன்னொரு நிறம், அவ்வளவுதான். அதைச் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆள் வந்து வாங்கிப்போனார்கள். ரிட்டயர்டு எஸ்.ஐ. சுடலையாண்டிக்கு முப்பது வருஷமாக அது பிடிபடவில்லை. ஒரு தடவை சென்னைக் கண்காட்சியில், ஒரு சிவப்புப் படத்துக்கு முன்னால் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, "கால்மணி நேரம் சும்மா பாத்துக்கிட்டு இருலே. வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள். இரண்டாவது நிமிஷத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. எழுந்து வெளியே போனவர் திரும்ப வந்து உட்காரவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுகூட இருந்தது.

ஆனால் அக்கா என்றால் அவருக்கு உயிர். அப்பா போனபிறகு, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து அவரைப் படிக்கவைத்து போலீஸ் தேர்வு எழுதவைத்தவள் அவள்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஹாலில் கட்டிலைப் போட வேண்டும், மேற்குச் சுவரைப் பார்த்தாற்போல் போட வேண்டும்.

அதற்காகத்தான் ஆலங்குளத்திலிருந்து முந்தின நாளே வந்து, பூட்டிக்கிடந்த அக்கா வீட்டைத் திறந்தார். மேற்குச் சுவரைப் பார்த்ததும் பகீரென்றது. அந்த ஹாலுக்குள் அவர் நுழைந்து மூன்று வருஷம் இருக்கும். வந்தால் வாசலோடு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இப்போது பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஈரம் ஊறி ஓதம் ஏறின மாதிரி சாம்பலும் பச்சையுமாக ஒரே மங்கல். நடுவில் மஞ்சளா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு கறை. சாகக் கிடக்கிறவள் இதையா பார்த்துக்கொண்டு கிடப்பாள்? ஹால் முழுக்க வெள்ளையடிக்க உடனே பெயிண்டர் ஒலி முகம்மதுவுக்குப் போன் போட்டார்.

ஒலி முகம்மது வந்து சுவரைத் தடவினார். தட்டினார். தடவின விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஓதம் இல்ல. ஓதம்னா பொரிஞ்சு கையில மாவா ஒட்டும். இது யாரோ பெயிண்டைக் கோட்டு கோட்டா அடிச்சு வச்சிருக்காவ."

"நாளைக்கு ஆள் வருது பாய். சொன்ன வேலையைச் செய்யும்."

ஸ்டேஷனில் வளர்ந்த குரல் அது. அதற்கு எதிரே யாரும் இரண்டாவது தடவை வாய் திறந்ததில்லை. ஒலி முகம்மதுவும் திறக்கவில்லை. சுடலையாண்டி எத்தனை கேஸில் துப்புத் துலக்கிய மனுஷன்! அந்த வீட்டில் கோட்டு கோட்டாக அடிக்கக்கூடிய ஆள் ஒருத்திதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்குப் படம் என்றால் அது துணியில் இருக்க வேண்டும், ஆணியில் தொங்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். துணிமூட்டை கனம்கூட இல்லை. சுடலையாண்டியின் மனைவி ஜெயசித்ரா தலைமாட்டில் இரண்டு தலையணையை அண்டக்கொடுத்தாள். வடிவம்மாள் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒனக்காகத்தான்க்கா" என்றார் சுடலையாண்டி. "ஒரே ஓதமா கெடந்துச்சு. வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். பளிச்சுன்னு இருக்குல்லா?"

ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

"ஃபேனைக் கொறைலே" என்றாள் பிறகு. "ஒண்ணுல வச்சாத்தான் திட்டு விழாமக் காயும்."

குறைத்தார்.

"எத்தனை கோட்டு அடிச்சான்?"

"ரெண்டு."

"நான் அறுபத்திமூணு அடிச்சேன்."

சுடலையாண்டிக்கு நெஞ்சில் யாரோ பூட்ஸ் காலை ஊன்றினது போல் இருந்தது. ஒலி முகம்மது சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. எதற்காகச் சுவரில் போட்டாள் என்று கேட்க நினைத்தார், அதற்குள் அவளே சொன்னாள்.

"துணின்னா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். இது ஒண்ணாவது எங்கூட இருக்கட்டும்னு நெனச்சேன்."

கட்டிலைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டார். ஜன்னல் பக்கம் போட்டால் மலை தெரியும் என்றார். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

திட்டியிருந்தால் தேவலை. பாவி, என் மூணு வருஷத்தை ஒரு நாளில் அழித்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காலைப் பிடித்து அழுதிருப்பார். அவள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்று முழுக்கவும் மறுநாளும் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே கிடந்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போக சுடலையாண்டிக்குத் துணிச்சல் வரவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டு வழியாகவே போய்வந்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஜெயசித்ரா ஊட்டின பால் கடைவாயில் வழிந்துவிட்டது. கண் சுவரைப் பார்த்துத் திறந்தே இருந்தது. சுடலையாண்டிதான் மூடினார்.

சாரலோடு குடத்தில் நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டினார்கள். சிவகிரியிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கேதத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் அழுதுமுடித்து நிமிர்ந்தால் எதிரே அந்தச் சுவர்தான். இலத்தூர்ச் சித்தப்பா மற்றவர்களிடம் அதைக் கையைக் காட்டிச் சொன்னார்.

"அக்கா வாரான்னு வெள்ளையடிச்சு வச்சிருக்கான் பாருங்க. இப்படித் தம்பி யாருக்குய்யா கெடைப்பான்?"

சுடலையாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைக் கேட்டார். கொள்ளி வைக்கும்போதுகூட அவர் அழவில்லை என்று சிலருக்கு வருத்தம்.

பத்தாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ஈரத்துணியால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வீட்டுச் சாவியால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை பெயர்ந்தது, கூடவே அடியில் இருந்ததும் பெயர்ந்து சிமெண்டு தெரிந்தது. இன்னும் மெதுவாகச் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டுதான் வந்தது. அதோடு நிறுத்திவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும் அல்லவா? ஹால் சுவரெல்லாம் புதிதாகத்தான் இருக்கிறதே, அந்தப் பெயர்ந்த இடத்தில் மட்டும் ஒரு கை அடித்துவிடலாம் என்று ஜெயசித்ரா ஒலி முகம்மதுவை வரச்சொல்லிவிட்டாள். அவர் வாளியும் பிரஷுமாக வந்து அந்த இடத்தைப் பார்த்தார். சுடலையாண்டியின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கோட்டு போதும் அண்ணாச்சி" என்றார்.

சுடலையாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெள்ளைக்கும் சிமெண்டுக்கும் நடுவில், பெயர்ந்த விளிம்பைச் சுற்றி, நூல் கனத்துக்குச் சாம்பலும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு ஓடியது. அறுபத்து மூன்று கோட்டும் சேர்ந்து அவ்வளவுதான் இருந்தது.

"செத்த பொறும் பாய்."

நாற்காலியை இழுத்து, கட்டில் கிடந்த இடத்தில் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

ஒலி முகம்மது பெயிண்ட் வாளியை மூடி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நடையில் போய் உட்கார்ந்தார்.