அம்மாவின் ஸ்வெட்டர்

ஆறு மாதம் கழித்து லீவில் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கமலாத்தாள் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. "கிட்ட வராத கண்ணு, சளி புடிச்சிருக்குது" என்று தள்ளி நின்றே பேசினாள். அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். சளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கிளம்பும்போது கேட்டேவிட்டேன்.

"பெத்த புள்ளையத் தொட்டா தீட்டாம்மா?"

ரயில் குளிருக்காகும் என்று, கொடியில் கிடந்த அவள் ஸ்வெட்டரை எடுத்தேன். "அய்யோ, அத எடுக்காத!" என்று கத்தினாள். ஒரு ஸ்வெட்டர் கொடுக்கக்கூட மனசில்லையா என்று, வீம்புக்கே மாட்டிக்கொண்டு பாலக்காட்டில் ரயில் ஏறினேன்.

காலையில் நேராக வேலைக்குப் போனேன். எரிந்து முடிந்த அணு எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை அது. எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று, அது வீசும் கதிரை வைத்தே நொடிக்கு நொடி திரையில் பார்ப்பது என் வேலை. குறைந்தால் முதலில் கத்த வேண்டியவள் நான்.

அன்று நான் உள்ளே நுழையும்போதே, கதிரைக் கண்டுபிடிக்கும் வாசல் சோதனைக் கதவு என்னைப் பார்த்துக் கத்தியது.

லீவுக்கு முன்பே சரக்கை வெளியே கடத்தியவள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். என் திரையைத் திறந்து கணக்குப் பார்த்தார்கள். துளியும் குறையவில்லை. கதிர் பாதுகாப்பு அதிகாரி ஜின்சன் ஸ்வெட்டரை வாங்கி வேறொரு கருவியில் வைத்தார்.

"ஜீவிதா, இது நம்ம சரக்கே இல்ல. சீக்கிரம் தேஞ்சு போற கதிர் அயோடின். நம்ம எரிபொருள் வருஷக்கணக்கா ஆறினது, அதுல இது மிச்சமே இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "தைராய்டு கேன்சருக்கு ஆஸ்பத்திரியில குடிக்கக் கொடுக்கறது. குடிச்சவங்க உடம்பு, துணி எல்லாம் கொஞ்ச நாள் கதிர் வீசும். வீட்ல யாருக்கு?"

தனித் தட்டு, அந்தத் தூரம், அந்தக் கத்தல் எல்லாம் அப்போதுதான் உறைத்தது. தினமும் கதிரோடு வேலை பார்க்கும் எனக்கே புரியாமல் போயிற்றே!

போன் போட்டேன். "கேன்சராம்மா?"

அம்மா மெல்ல ஒப்புக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கற வேலையாலதான் ஆத்தாளுக்கு வந்துச்சும்பாங்க ஊருல. நீயும் அதையே நெனச்சு வேலைய உட்டுப்போட்டு வந்துருவீன்னுதான் சொல்லல சாமி." பிறகு பயந்த குரலில் கேட்டாள். "அந்த ஸ்வெட்டரால உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலியே?"

தீட்டா என்று கேட்ட அதே வாயால், "ஒண்ணும் ஆகலம்மா" என்றேன்.